பருத்தியின் எதிர்ப்புத்திறனை வென்ற வைரஸ்

மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவன்கோட்டைத் தாலுகாவில் கோடைமழையின் ஈரத்தை நம்பிப் பருத்தி விதைக்கப்படுகிறது. இளஞ்செடியின் இலைகள் சுருளக் கண்டால், அது தத்துப்பூச்சியின் வேலையா, வைரஸின் வேலையா என்னும் ஐயம் களப்பணியாளருக்கு எழுவது இயல்பே. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிய இலை, விளிம்பில் மஞ்சளித்துப் பின் சிவந்து கீழ்நோக்கி வளையும்; அதன் நரம்புகள் தடிப்பதில்லை. இலைச்சுருள் வைரஸ் தாக்கிய இலையையோ வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், சிறு நரம்புகள் தடித்துக் கரும்பச்சையாக இருப்பது புலனாகும். நோய் முற்றிய இலையின் அடிப்புறத்தில், நரம்பின்மீது, சிறு கிண்ணம் போன்ற இலைப்புடைப்பும் தோன்றுவதுண்டு.

இந்நோய் தென்னாட்டில் பெருஞ்சேதம் விளைத்ததில்லை. எனினும் இதன் வரலாற்றில் தென்னாட்டுப் பருத்திக்கும் ஒரு பங்கு உண்டு.

1912-இல் நைஜீரியாவில் அறியப்பட்ட இலைச்சுருள் நோய், 1967-இல் பாகிஸ்தானின் மூல்தான் அருகே காணப்பட்டது. இருபது ஆண்டுகள் வரை அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் அது கொள்ளைநோயாக மூண்டது. 1991-92-இல் ஏறத்தாழ 128 இலட்சம் பொதிகளாக இருந்த அந்நாட்டின் விளைச்சல், 1993-94-இல் சுமார் 80 இலட்சமாக வீழ்ந்தது; இவ்வீழ்ச்சிக்கு இந்நோய் ஒரு முக்கியக் காரணமாயிற்று. 1993-இல் இராஜஸ்தானத்தின் ஸ்ரீகங்காநகரிலும் நோய் தென்பட்டது. அடுத்து பஞ்சாப், ஹரியானா வயல்களுக்குப் பரவியது.

எதிர்ப்புத்திறனுள்ள இரகங்களைத் தேடிய பாகிஸ்தான் ஆய்வாளர்கள் இரண்டு மூலங்களையே பெரிதும் நம்பினர். ஒன்று சி.பி. 15/2. மற்றொன்று, கோயம்புத்தூரில் உருவான எல்.ஆர்.ஏ. 5166. இதன் பெயரிலுள்ள 'எல்' என்னும் எழுத்து, கர்நாடகத்தின் பழைய இரகமான லட்சுமியைக் குறிப்பதாகும். இவற்றிலிருந்து பிறந்த இரகங்கள் 1990-களின் பிற்பகுதியில் நோயைத் தாங்கி நின்றன. உழவர்களும் அச்சம் நீங்கினர்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2001-இல் வேஹாரி மாவட்டத்துப் பூரேவாலா அருகில், எதிர்ப்புத்திறன் கொண்டவை எனக் கருதப்பட்ட இரகங்களே சுருண்டன. சில ஆண்டுகளில் வட இந்திய வயல்களிலும் அந்நிலை ஏற்பட்டது.

இது நேர்ந்த விதம் ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கத் தக்கது. வைரஸின் மரபுப்பொருள், ஏறத்தாழ 2,750 அலகுகள் கொண்ட ஒற்றை இழை வளையமேயாகும். இதனோடு சுமார் 1,350 அலகுகள் கொண்ட ஒரு துணை வளையமும் சேர்ந்தால்தான் பருத்தியில் நோய் முழுமையாக வெளிப்படும். வெள்ளை ஈ ஒரே செடியில் இரு வேறு வைரஸ்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால், இழைகள் படியெடுக்கப்படும்போது ஒன்றின் துண்டு மற்றொன்றோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். பூரேவாலா வைரஸ் இவ்வாறு மூல்தான் வைரஸும் கொக்ரான் வைரஸும் கலந்து பிறந்ததாகும். அதன் 'சி2' என்னும் புரதம், வழக்கமான 150 அமினோ அமிலங்களுக்குப் பதிலாக 35 அளவிலேயே குறுகிப்போயிருந்தது. செடி அடையாளம் கண்டு எதிர்த்தது அப்புரதத்தையே போலும். அது குறைந்ததனால் வைரஸ் தப்பியது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். வைரஸ் புதிதாக ஓர் ஆயுதத்தைப் பெற்று வெல்லவில்லை, இருந்ததொன்றை இழந்தே வென்றது என்பது வியப்புக்குரியது.

பரந்த நிலப்பரப்பில் ஒரே மூலத்து எதிர்ப்பை விதைத்ததும் இதற்குத் துணைபோயிற்று. அத்தகைய வயல்களில் பழைய வைரஸ் தேய்ந்தது. மாறியது மட்டுமே பெருகியது. பின்னர், 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மூல்தான் வைரஸின் வேறொரு கலப்பு வடிவம் மீண்டும் மேலோங்கியது. கருங்கண்ணி முதலிய நாட்டுப் பருத்தி இனத்தையோ இந்நோய் வயல்களில் பற்றுவதில்லை. அவ்வெதிர்ப்பை அமெரிக்கப் பருத்திக்கு மாற்றுவது எளிதன்று; நாட்டுப் பருத்தியின் குரோமோசோம்கள் 26, அமெரிக்கப் பருத்தியினுடையவை 52 ஆதலின், கலப்பினச் செடி பெரும்பாலும் மலடாகிறது.

செம்பருத்தியும் இவ்வைரஸுக்கு உறைவிடமாகும். 2006-இல் சீனத்தின் குவாங்சோ நகரில் மூல்தான் வைரஸ் முதன்முதல் கண்டறியப்பட்டது பருத்தி வயலில் அன்று, செம்பருத்திச் செடியிலேயே. ஆகவே மைசூருப் பகுதியில் இலைகளைச் சோதிக்கச் செல்வோர், பருத்தி வரிசைகளோடு வேலியோரச் செம்பருத்தியையும் அருகிலுள்ள வெண்டைப் பாத்தியையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். தடித்த நரம்பு தென்பட்ட செடியின் இலையைத் தாளில் வைத்து, இரகம், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புதல் வேண்டும்.