ஒரு கட்சி இரண்டான கதை

அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் வாஷிங்டன், 1796இல் விடைபெறுமுன், கட்சிப் பூசலைக் குறித்து மக்களை எச்சரித்தார். பயனில்லை. அவருடைய அமைச்சர்களாயிருந்த ஹமில்டனும் ஜெபர்சனுமே எதிரணிகளுக்குத் தலைவர்களாயினர்.

நம்மவர் பிளவுக்கும் அமைச்சுப் பதவியே வாயிலாயிற்று. 1944இல் தோன்றிய தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம், 1948இல் டீ. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தார். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசிற் சேர்வதோ என வெகுண்டு, செல்வநாயகம், வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோர் பிரிந்தனர்; 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. பொன்னம்பலத்தைப் பதவி நாடியவர் என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாகாது. அவர் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்திலன்றோ காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை எழுந்தது!

1952இல் அதே காங்கேசன்துறையிற் செல்வநாயகம் தோற்றார். மொழிப் பிரச்சினை மூண்ட 1956இலோ தமிழரசுக் கட்சிக்குப் பத்து ஆசனங்கள் கிட்டின. நமது நாரந்தனை அடங்கிய ஊர்காவற்றுறைத் தொகுதியும் அவற்றுள் ஒன்று.

1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெபர்சனிடம் தோற்ற அடம்ஸ், முதுமையிற் கடிதங்கள் வாயிலாக அவருடன் மீண்டும் நட்புக் கொண்டார். இருவரும் 1826 ஜூலை 4ஆம் நாளன்றே மறைந்தனர். நம் தலைவர் இருவரும் 1976இல், அமிர்தலிங்கம் முதலியோர் மீதான வழக்கில், எதிரிகள் தரப்புச் சட்டத்தரணிகளாக ஒரே பக்கத்தில் நின்றனர். மறு ஆண்டு பெப்ரவரியிற் பொன்னம்பலமும் ஏப்ரலிற் செல்வநாயகமும் காலமாயினர்.