அக்கரை இக்கரை – 17: வடகலை கேசட், தென்கலை கேசட்

மே மாதக் காவிரியில் தண்ணீரைத் தேடக் கூடாது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்க வேண்டும், அந்தத் தண்ணீர் முக்கொம்பு வந்து சேர வேண்டும், அதற்கப்புறம்தான் அது ஆறு. அதுவரை மைதானம். போன வாரம் எழுதிய அம்மா மண்டபத்து நீச்சலெல்லாம் ஆடிக்கு மேல் நடந்த கதை. கோடை விடுமுறையில் மணலில் கிரிக்கெட்தான், அதுவும் காலை ஒன்பதரை வரை. பிறகு உள்ளங்கால் பொரிந்துவிடும். சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துப் பையன்களுக்கு மிச்சப் பொழுதுக்குத் திண்ணை இருந்தது. எங்களுக்கு டி.வி. கேம் இருந்தது.

வீடியோ கேம் என்று சொன்னவர்கள் கண்டோன்மென்ட் பக்கத்துக்காரர்கள். எங்களுக்கு அது டி.வி. கேம். மெஷினுக்குப் பெயர் செட். அதில் செருகுகிற கட்டைக்குப் பெயர் கேசட். உள்ளே நாடா எதுவும் கிடையாது, ஆனாலும் கேசட்தான். குச்சியே இல்லாத ஜாய்ஸ்டிக்கை ரிமோட் என்போம்.

1996 கோடையில் எங்கள் வட்டத்தில் இரண்டு செட்கள் இருந்தன. கீழ அடையவளஞ்சானில் எங்கள் வீட்டில் ‘மீடியா’. வடக்குச் சித்திரை வீதியில் இன்னொருவன் வீட்டில், அவனுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ஒன்று. அதன் மேல் எங்களில் யாராலும் படிக்க முடியாத எழுத்து இருந்தது. படிக்க முடியாததாலேயே அதற்கு மதிப்பு அதிகம். பையனுக்கே சிங்கப்பூர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

இந்த இரண்டு வீடுகளையும் வைத்து ஊர்ப் பையன்கள் இரண்டு கட்சியானார்கள். சிங்கப்பூர் செட்டில் மாரியோ உயரமாகத் தாவுவான் என்றது அந்தக் கட்சி. மீடியாவில் கலர் கெட்டியாக வரும் என்றோம் நாங்கள். ஒரு வீட்டுக் கேசட் இன்னொரு வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. ஏறினால் செட் கெட்டுவிடும் என்று எந்த விஞ்ஞானி சொன்னாரோ தெரியாது, எல்லோரும் நம்பினோம். பெரியவர்களுக்கு வேறு நம்பிக்கை: டி.வி. கேம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும். அசையாத படத்தை நாள்கணக்கில் அப்படியே விட்டால் அந்தக் கால டியூபில் தழும்பு விழும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் ஆட்டத்தில் எதுவும் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றதில்லை.

சிங்கப்பூரிடம் துப்பாக்கி இருந்தது. எங்கள் கட்சியால் கடைசிவரை அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. வாத்து பறக்கும், சுட வேண்டும், தவறினால் நாய் எழுந்து நின்று சிரிக்கும். துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் போய் டி.வி.யில் படுகிறது என்றுதான் நினைத்திருந்தோம். நடப்பது நேர் எதிர். விசையை இழுத்த கணத்தில் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். துப்பாக்கியின் மூக்கில் இருப்பது கதிர் இல்லை, கண். முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் அது பார்த்தால் வாத்து விழும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் நமக்குத் திரை ஒரு தரம் சிமிட்டின மாதிரிதான் தெரியும். துப்பாக்கியைக் குண்டு பல்புக்கு நேரே பிடித்து ஏமாற்றப் பார்த்தோம். ஒரு வாத்துகூட விழவில்லை. முதலில் இருட்டு வேண்டுமே, எரிகிற பல்பில் அதற்கு எங்கே போவது? இந்த வித்தை பழைய குண்டு டி.வி.யில்தான் பலிக்கும். இப்போது சுவரில் மாட்டுகிற டி.வி.க்கு முன் அந்தத் துப்பாக்கி வெறும் பொம்மை.

கேசட் மாற்ற ஆற்றைத் தாண்ட வேண்டும். ஒண்ணாம் நம்பர் பஸ், மெயின்கார்டு கேட் இறக்கம், சிங்காரத்தோப்பு. பழைய கேசட்டும் கூட முப்பது ரூபாயும் கொடுத்தால் வேறு கேசட். அப்படித்தான் ‘9999 இன் 1’ என்று ஒட்டியிருந்த மஞ்சள் கேசட்டை வாங்கி வந்தேன். அன்று ராத்திரி நானும் தங்கையும் உட்கார்ந்து எண்ணினோம். நாற்பதைத் தாண்டுவதற்குள் மறுபடி மாரியோ வந்துவிட்டான். அப்புறம் அதே சர்க்கஸ், அதே டேங்க், அதே மோட்டார் சைக்கிள். மறுநாள் போய்க் கேட்டதற்குக் கடைக்கார அண்ணன் அசரவில்லை. “ஒவ்வொண்ணும் வேற ஸ்டேஜ்ல ஆரம்பிக்குது பாரு தம்பி. அப்ப வேற கேம்தானே?” இந்த வாதத்துக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

கேசட் ஓடாவிட்டால் கழற்றி, வாயருகே வைத்து நாதஸ்வரம் மாதிரி ஊதி, மறுபடி செருகுவோம். ஓடும். ஊதியதால் ஓடவில்லை, கழற்றிச் செருகியதில் செப்புப் பற்கள் சரியாக உட்கார்ந்ததால் ஓடியது. ஊதிய எச்சில் ஈரம் அந்தப் பற்களை அரித்ததுதான் மிச்சம். ஆனாலும் ஊதாமல் செருகிய ஒரு பையனை நான் பார்த்ததில்லை.

இனி கான்ட்ரா. ஆளுக்கு மூன்று உயிர், முதல் ஸ்டேஜ் காட்டைத் தாண்டுவதற்குள் மூன்றும் போய்விடும். சிங்கப்பூருக்கு மட்டும் முப்பது உயிர். பெங்களூரிலிருந்து வந்த அவனுடைய அத்தை மகன் ஒரு மந்திரம் சொல்லிக்கொடுத்திருந்தான். ஆட்டம் தொடங்கும் முன் சிங்கப்பூர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வான். டக் டக் என்று பத்து சத்தம். முடிந்தது, முப்பது. கேட்டால் சொல்ல மாட்டான். மலை வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தோம், வாடகை சைக்கிள் எடுத்துக் கொடுத்துப் பார்த்தோம்.

திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரார்த்தம் கேட்டு உடையவர் ஸ்ரீரங்கத்திலிருந்து 18 தடவை நடந்தார் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. கிடைத்ததும் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார். எங்கள் விஷயத்தில் உடையவர், என் தங்கை. சிங்கப்பூர் திரும்பி உட்கார்ந்த பக்கம் கண்ணாடி பதித்த பீரோ இருந்தது. அவன் கட்டைவிரல் போகிற போக்கை அதில் பார்த்துவிட்டாள். மேல் மேல், கீழ் கீழ், வலது இடது, வலது இடது, பி, ஏ. ஓடி வந்து எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறிக் கத்தினாள்.

பலிக்கவில்லை. இரண்டு நாள் முயன்றோம். கடைசியில் தப்பு எங்கே என்று அவளே கண்டுபிடித்தாள். கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள் அல்லவா, கெட்டிக்காரத்தனமாகத் தானே ஒரு முறை மாற்றிச் சொல்லியிருக்கிறாள். அவனும் அவளும் ஒரே திசை பார்த்திருந்ததால் கண்ணாடி எதையும் மாற்றியிருக்கவில்லை. இடது வலது, இடது வலது. முப்பது உயிர். அன்று சாயங்காலத்துக்குள் நாலு சித்திரை வீதிக்கும் தெரிந்துவிட்டது.

அந்த மந்திரத்தின் ரிஷி யாரென்று ரொம்ப வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். கொனாமி கம்பெனியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-இல் கிராடியஸ் என்ற ஆட்டத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. அதைத் தன்னாலேயே ஆடி முடிக்க முடியாமல், தன் சௌகரியத்துக்கு ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டார். எடுக்காமலே ஆட்டம் வெளியே போய்விட்டது. 2020-இல் அவர் காலமானார். அவருடைய பத்துப் பட்டன் வடக்குச் சித்திரை வீதி வரை வந்திருக்கிறது.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மந்திரம் வெளியான பிறகு சமாதானமாகி, நான் சிங்கப்பூர் வீட்டுக்குப் போய் ஆட ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் அவன் அடாப்டர் உயிரை விட்டது. தாத்தாவின் டிரான்சிஸ்டருக்கு வாங்கிய அடாப்டரை எடுத்து வந்தான். 3, 4.5, 6, 9, 12 என்று வோல்ட்டை மாற்ற ஒரு தள்ளு பட்டன், பிளஸ் மைனஸை மாற்ற இன்னொன்று. அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இரண்டாவது பட்டனைத் தள்ளியது நான். எதற்கு என்று கேட்டால், தள்ளு பட்டன் என்றால் தள்ளத்தானே? ஸ்விட்சைப் போட்டதும் பட்டாசு வாசனை வந்தது. பழி தாத்தாவின் அடாப்டர் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மெயின்கார்டு கேட் சந்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனோம். “இதே மாதிரி ஓடுற செட் இருந்தா எடுத்துட்டு வாங்க தம்பி, வோல்ட் பார்த்துக்கிறேன்” என்றார். வேறு வழியில்லாமல் எங்கள் மீடியாவும் ஆற்றைத் தாண்டியது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் திறந்தார்.

அந்தக் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. முக்கால்வாசி வெறும் இடம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு. போர்டின் மத்தியில், கல்யாணப் பந்திப் பாயசத்து முந்திரி அளவுக்கு, தார் சொட்டினாற்போல ஒரு கறுப்புப் பொட்டு. அதற்கடியில்தான் மாரியோ, வாத்து, நாய், முப்பது உயிர் எல்லாம் இயங்குகிற சில்லு. மீடியாவிலும் ஒரு பொட்டு. சிங்கப்பூரிலும் ஒரு பொட்டு. கேசட் செருகுகிற பல்வரிசை இரண்டிலும் அறுபது. “ரெண்டும் ஒண்ணுதான். டப்பாதான் வேற” என்றார் அவர். செத்துப்போயிருந்தது ஓரத்தில் நின்ற மூன்று கால் ஐ.சி. 7805 என்று பெயர். வருகிற கரண்டை 5 வோல்ட்டாக்கிக் கொடுப்பது அதன் வேலை. நான் தலைகீழாக அனுப்பிய கரண்டைத் தானே வாங்கிக்கொண்டு பொட்டைக் காப்பாற்றியிருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைப் பற்ற வைத்தார். செட் எழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். பாட்டி சிரித்தாள். “இதைக் கண்டுபிடிக்க ஆத்தைத் தாண்டிப் போனியா? நாமத்தைத்தான்டா மாத்திப் போடுவா. பெருமாளை எங்கே மாத்துவா?” எந்த நாமம் உசத்தி என்று கோர்ட் வரை போன சம்பிரதாயத்தில் பிறந்தவள், அவளுக்குத் தெரியாதா?

அந்தப் பெருமாள் எங்கிருந்து வந்தவர் என்றும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் நின்டென்டோ கம்பெனி 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம். வடிவமைத்தவர் மசாயுகி உயேமுரா. அதை நகலெடுத்து எல்லா வேலையையும் ஒரே சில்லில் அடக்கி, மேலே தார்ப் பொட்டு வைத்து, உலகமெல்லாம் விற்றார்கள். நம் நாட்டில் மீடியா, லிட்டில் மாஸ்டர், சாமுராய் என்று நாமங்கள். ரஷ்யாவில் 1992 முதல் அதற்கு டெண்டி என்று பெயர், தொப்பி போட்ட யானை அதன் சின்னம். சீனாவில் அதையே விசைப்பலகையோடு பாடம் படிக்கும் கம்ப்யூட்டர் என்று பெற்றோர் தலையில் கட்டினார்கள். கேசட்டை நகலெடுத்தவர்கள் முதல் திரையிலிருந்த நின்டென்டோ என்ற எழுத்தை அழித்துவிடுவது வழக்கம். அதனால் அந்தப் பெயரையே கேள்விப்படாமல் ஐந்து வருஷம் அதை ஆடியிருக்கிறோம்.

அமெரிக்கப் பையன்கள் நின்டென்டோவா சேகாவா என்று அடித்துக்கொண்ட காலம் அது. அந்தச் சண்டை இங்கே வந்து சேரவில்லை. சேகாவின் மெகா டிரைவை இந்தியாவில் விற்றது, சாராயத்துக்குப் பேர்போன ஷா வாலஸ் கம்பெனி. விலை 18,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு வீட்டுக்கே கலர் டி.வி. வந்துவிடும். சேகாவை நான் கண்ணால் பார்த்ததில்லை, பார்த்தவனையும் பார்த்ததில்லை.

நகல் என்று தெரிந்தும் எனக்கு அதன் மேல் மதிப்புக் குறையவில்லை. அசலைச் செய்தவர்களின் சிக்கனம் அப்படி. மெஷினின் நினைவகம் 2 கிலோபைட். மாரியோ ஆட்டம் மொத்தமும் 40 கிலோபைட். இன்று வாட்ஸாப்பில் வருகிற ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிசு. இடம் மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் தரையிலிருக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் போட்டு, ஒன்றுக்கு வெள்ளையும் இன்னொன்றுக்குப் பச்சையும் அடித்துவிட்டார்கள். நம்பாதவர்கள் பழைய ஆட்டத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு பிரவுசிங் சென்டர் வந்தது, பிளேஸ்டேஷன் 2 கடைகள் வந்தன, அதெல்லாம் எனக்கு இளையவர்கள் எழுத வேண்டிய கதை. 2006-இல் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கிய பிறகு, திருவானைக்காவல் தெருவோரத்தில் தார்ப்பாய் விரித்து இந்தச் செட்களை மறுபடி விற்றதைப் பார்த்தேன். அதே 9999 இன் 1. வாங்கவில்லை.

எங்கள் மீடியா எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. சிங்கப்பூர் செட் மட்டும் துப்பாக்கியோடு இன்னும் வடக்குச் சித்திரை வீதிப் பரணில் இருக்கிறது. அவன் கடைசிவரை சிங்கப்பூர் போகவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறான். போன மாதம் இருவருமாகப் பரணில் ஏறி இறக்கினோம். குண்டு டி.வி. ஒன்றும் தேடிப் பிடித்துவிட்டோம். அடாப்டர்தான் இல்லை. வாசகர்கள் யார் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலாவது கிடந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். 9 வோல்ட், நடுவில் மைனஸ், வெளியில் பிளஸ். தள்ளு பட்டன் வைத்தது வேண்டாம்.