மூணாவது பெட்டி எதுக்கு?

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கடைக்கு, தெரிஞ்சவர் என்கிற முறையில் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் நான்தான் பார்த்துக் கொடுப்பேன். கடையில் ஒரு சர்வர், பக்கத்துத் தெரு குடோனில் ஒரு சர்வர், நடுவில் ஒரே ஒரு கேபிள். பில் போடும் மென்பொருள் ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடியது. அதோட டிஸ்க், இரண்டு சர்வரிலும் ஒவ்வொரு நகலாக இருந்தது. ஒண்ணு படுத்தால் இன்னொண்ணு தானாக எடுத்துக்கும் என்று சொல்லித்தான் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு நாள் காலை கேபிள் அறுந்தது. சர்வர் இரண்டும் நல்லாத்தான் இருந்தன. ஆனால் குடோன் சர்வர், "கடை சர்வர் செத்துப்போச்சு" என்று முடிவு பண்ணி, அதே மெய்நிகர் கணினியைத் தன் பக்கமும் கிளப்பிவிட்டது. சாயங்காலம் வரை கடை பில் ஒரு நகலில், குடோனில் ஏற்றிவிட்ட சரக்கு இன்னொரு நகலில். கேபிளை ஒட்டி முடித்ததும் கடைக்காரர் கேட்டார்: "தம்பி, ரெண்டு கணக்குல எது சரி?"

இரண்டிலும் பாதிதான் இருந்தது. அச்சடித்த பில்களை வைத்து ராத்திரி உட்கார்ந்து கையால் ஏற்றினோம். தப்பு என்னுடையது. இருக்கிறதே ரெண்டு பேர்தானே என்று, "பெரும்பான்மை இருந்தால்தான் ஓடணும்" என்கிற விதியை நானே அணைத்து வைத்திருந்தேன். இதற்கு ஸ்ப்ளிட் பிரெய்ன் என்று பெயர்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். மெய்நிகர் கணினியின் டிஸ்க் என்பது பெரும்பாலும் ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். அது ஒரு சர்வரின் உள்ளேயே இருந்தால், அந்த சர்வர் போனால் எல்லாம் போச்சு. அதை நெட்வொர்க்கில் பொதுவாக வைத்தால், எந்த சர்வரிலிருந்தும் அந்தக் கணினியை ஓட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இடமும் மாற்றலாம்.

வைக்கிறதுக்கு வழிகள் சில உண்டு. பழையது என்எஃப்எஸ், 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. ஃபோல்டரைப் பகிர்வது போலத்தான், எளிது. அடுத்தது ஐஸ்கசி, 2004-ல் தர வரையறை வந்தது. இது ஃபைலை அல்ல, டிஸ்க்கையே நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும். இங்கே நிறைய பேர் விழுகிற குழி ஒன்று இருக்கு: ஐஸ்கசி டிஸ்க்கில் இஎக்ஸ்டி4 மாதிரி சாதாரண ஃபைல் சிஸ்டம் போட்டு இரண்டு சர்வரில் ஒரே நேரம் மவுன்ட் செய்தால், ஒருத்தர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் டிஸ்க் நாசமாகும். இரண்டு வழியிலும் சேமிப்புப் பெட்டி ஒன்றே ஒன்று என்றால், அது படுத்தால் எல்லாமே படுக்கும்.

அதனால் வந்தது மூன்றாவது வழி: பல பெட்டிகளில் பரப்பி, நகலெடுத்து வைப்பது. அதில் ஒரு பெயர் நம்ம ஊருக்குக் கிட்ட. இங்கேயிருந்து கடலூர் தாண்டினால் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி 2005-ல் தொடங்கியதுதான் க்ளஸ்டர் நிறுவனம். அதன் க்ளஸ்டர்எஃப்எஸ் ஒரு திறமூல மென்பொருள். 2011-ல் ரெட் ஹாட் அந்த நிறுவனத்தை 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

அதில் எனக்குப் பிடித்தது, எந்த ஃபைல் எங்கே இருக்கு என்று சொல்ல ஒரு தலைமை சர்வர் கிடையாது என்பது. பெரிய மார்க்கெட் வாசலில் விசாரணைக் கவுன்ட்டர் இல்ல. ஆனாலும் மீன் எந்தப் பக்கம், பூ எந்தப் பக்கம் என்று வருகிறவருக்குத் தெரியும். அதே மாதிரி, ஃபைலின் பெயரை ஒரு கணக்கில் போட்டால் அது இருக்கும் பெட்டி விடையாக வரும்.

நகல்கள் ஒத்துப்போகிறதுதான் கஷ்டம். இரண்டு நகல் வைத்த பலரும் என்னை மாதிரியே ஸ்ப்ளிட் பிரெய்னில் மாட்டினார்கள். 2015-ல் வந்த 3.7 பதிப்பில் ஆர்பிட்டர் என்று ஒரு மூன்றாவது பெட்டி சேர்ந்தது. அதில் டேட்டா இருக்காது. ஃபைல் பெயர்களும், யாருடைய நகல் பின்தங்கியது என்ற குறிப்பும் மட்டும் இருக்கும். மூவரில் இருவர் சேர்ந்தால்தான் எழுதலாம். பின்தங்கிய நகலும் ஆர்பிட்டரும் மட்டும் சேர்ந்து எழுத வந்தால், "உன்னுடையது பழசு" என்று ஆர்பிட்டர் தடுத்துவிடும். அதே பதிப்பில் ஷார்டிங்கும் வந்தது. டிஸ்க் ஃபைலைத் துண்டு போட்டு வைப்பதால், படுத்த பெட்டி திரும்பி வரும்போது மாறிய துண்டுகளை மட்டும் சரிசெய்தால் போதும்.

இன்று புதிதாகப் போடுகிறவர்களுக்கு க்ளஸ்டரை நான் சொல்ல மாட்டேன். ரெட் ஹாட்டின் ஆதரவு 2024 முடிவோடு நின்றது. புராக்ஸ்மாக்ஸும் 9-ம் பதிப்பில் எடுத்துவிட்டது. இப்போது பெரும்பாலும் செஃப் போடுகிறார்கள். அதிலும் மூன்று நகல்தான் இயல்பான அமைப்பு. கண்காணிக்கும் மானிட்டர்களையும் ஒற்றைப்படையில் வைக்கச் சொல்வார்கள். மென்பொருள் மாறினாலும் கணக்கு மாறவில்லை. இரண்டு பேருக்குள் தகராறு வந்தால், பெரும்பான்மை என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று: நகல் வேற, பேக்கப் வேற. ஒரு ஃபைலைத் தவறி அழித்தால் மூன்று நகலிலும் உடனே அழியும்.

கடைக்குப் பெரிய செலவு வைக்கவில்லை. மாடியில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்து மூன்றாவது பெட்டியாக்கினேன். சாட்சி சொல்ல மட்டும்தானே, பெரிய டிஸ்க் தேவையில்ல. கடைக்கும் குடோனுக்கும் அதிலிருந்து தனித்தனிக் கேபிள் இழுத்தேன். பெரும்பான்மை விதியைத் திரும்பப் போட்டேன். பிறகு கடைக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, பழைய கேபிளை நானே பிடுங்கிக் காட்டினேன். குடோன் பக்கம் எழுதுவது நின்றது. கடையில் பில் ஓடியது. ஒரே கணக்கு.