புது டீச்சர் ஏன் கிளம்பிடறாங்க? அனுமந்தை உப்பளக் கரையிலிருந்து ஒரு பார்வை - முழு விளக்கம்

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால் வழியில் வரும் ஊர் அனுமந்தை. காரில் போகிறவர்களுக்கு இங்குள்ள சுங்கச்சாவடிதான் அடையாளம். ஆனால் இந்தக் கரையோரத்தின் பிழைப்பு உப்பு, மீன், கொஞ்சம் விவசாயம்.

உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அதனால் விடிவதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் பாத்திக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறதா என்று உட்கார்ந்து பார்க்க அந்த வீடுகளில் ஆள் இல்லை. அந்தப் பொறுப்பு முழுக்க டீச்சர் தலையில்தான். அந்த டீச்சரும் ஓரிரு வருடத்தில் கிளம்பிப் போனால் என்ன ஆகும்? அவர்கள் ஏன் போகிறார்கள்? தக்கவைக்க வழி இருக்கிறதா?

'கிளம்பிடறாங்க' என்றால் வேலையை விட்டுவிடுகிறார்களா?

எல்லோரும் அப்படி இல்லை. நம் ஊரில் ஆசிரியர் வெளியேறுவதற்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, இடமாறுதல். நிரந்தர அரசு ஆசிரியர் வேலையை ராஜினாமா செய்வது அபூர்வம். அவர் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப்பக்கம் போவார். தொழிலில் ஆள் குறையாது, ஆனால் அந்தப் பள்ளிக்கு ஆள் குறையும்.

இரண்டாவது, தற்காலிக ஆசிரியர்கள். கல்வியாண்டு முடிந்தால் அவர்கள் வேலையும் முடிந்துவிடும்.

மூன்றாவது, தனியார் பள்ளி ஆசிரியர்கள். சம்பளம் கட்டுப்படியாகாமல் வேறு வேலைக்கே போய்விடுகிறவர்கள் இவர்களில்தான் அதிகம்.

மூன்றுக்கும் காரணம் வேறு. அதனால் மருந்தும் வேறு.

சம்பளம்தான் பிரச்னையா?

பாதி பிரச்னை அதுதான். அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் நிரந்தர இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி உள்ளிட்டவை தனி.

2022-ல் 13,331 காலியிடங்களை பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப அரசு உத்தரவிட்டது. அப்போது முதலில் அறிவித்த மாதத் தொகை இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். பின்னர் இது 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. அதே வகுப்பு, அதே பாடம், ஆனால் சம்பளம் வேறு. அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்பதும் தெரியாது. இப்படி இருக்கும் ஒருவர் வேறு வாய்ப்பு வந்தால் போவதைக் குறை சொல்ல முடியுமா?

2012-ல் பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு வந்தவர்கள். அவர்கள் தொகை 12,500 ரூபாயை எட்டவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டே இல்லை எனலாம்.

நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்குள்ளும் மனக்குறை உண்டு. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒரே ஒரு நாளில் 3,170 ரூபாய் வித்தியாசம். 'சம வேலைக்கு சம ஊதியம்' என்ற கோரிக்கை இங்கிருந்துதான் கிளம்பியது. 2022 டிசம்பரில் சென்னை டிபிஐ வளாகத்தில் நடந்த உண்ணாவிரதமும் இதற்காகத்தான்.

சரி, நிரந்தர ஆசிரியர் ஏன் மாறுதல் கேட்கிறார்?

இதற்கு விடை வரைபடத்தில் இருக்கிறது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி போன்ற வட மாவட்டங்களில் காலியிடம் அதிகம். தென் மாவட்டங்களில் குறைவு. ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வோ மாநிலம் முழுமைக்கும் ஒன்று. ஆகவே தென்கோடியில் பிறந்து வளர்ந்தவருக்கு முதல் பணியிடம் வடக்கே அமைவது சகஜம்.

தென்காசிப் பக்கத்து இளம் ஆசிரியை ஒருவருக்கு இந்த உப்பளக் கரையில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த மனிதர் இல்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு கிராமத்தில் வாடகை வீடு எளிதில் அமையாது. புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ தங்கி தினமும் பஸ்ஸில் வந்து போக வேண்டும். கல்யாணம், குழந்தை, வயதான பெற்றோர் என்று வரும்போது அவர் முதலில் தேடுவது மாறுதலைத்தான்.

மலைப் பகுதியில் பணிபுரியும் அரசு ஊழியருக்கு தனிப் படி உண்டு. கடலோரக் குக்கிராமத்துக்கு அப்படி ஒன்று இல்லை. வீட்டு வாடகைப்படியும் நகரத்தைவிட கிராமத்தில் குறைவு. அதாவது, கஷ்டமான இடத்தில் வேலை பார்ப்பவருக்கு கையில் வருவது கொஞ்சம் கம்மி.

முதல் வருடத்தில் என்ன நடக்கிறது?

டாக்டர் படிப்பு முடித்தவருக்கு மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் பயிற்சிக் காலம் இருக்கிறது. புது வக்கீல் சீனியரிடம் போகிறார். புது ஆசிரியருக்கோ முதல் நாளே முழு வகுப்பு. ஈராசிரியர் பள்ளி என்றால் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள். கூட இருப்பவர் தலைமையாசிரியர், அவருக்கு ஆயிரம் வேலை. சந்தேகம் கேட்கக்கூட ஆள் இருக்காது.

இதற்கு மேல் எமிஸ் பதிவு, நலத்திட்டப் பதிவேடுகள், வாக்காளர் பட்டியல் வேலை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 27-வது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. விதிவிலக்கான அந்த மூன்றே இந்தக் கரையில் கணிசமான நாட்களை எடுத்துவிடும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது இந்தப் பக்கம்தான்.

வெளிநாட்டில் எப்படி?

இது உலகப் பிரச்னை. 2030-க்குள் உலகுக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்கிறது யுனெஸ்கோ. அமெரிக்காவில் புது ஆசிரியர்களில் சுமார் 44 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குள் தொழிலை விட்டுவிடுவதாக கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் இங்கர்சால் கணக்கிட்டிருக்கிறார்.

இங்கிலாந்து 2021 செப்டம்பரில் ஒரு மாற்றம் செய்தது. புது ஆசிரியருக்கு இரண்டாண்டு அறிமுகக் காலம். முதல் வருடம் பாட நேரத்தில் 10 சதவீதமும் இரண்டாம் வருடம் 5 சதவீதமும் குறைப்பு. கூடவே வழிகாட்டி ஆசிரியர் ஒருவர்.

உள்ளூர்க்காரரையே நியமித்தால் என்ன?

கேட்க நல்ல யோசனை. சட்டத்தில் சிக்கல் இருக்கிறது. ராஜஸ்தானில் ஆசிரியர் நியமனத்தில் மாவட்டவாசிகளுக்கும் கிராமவாசிகளுக்கும் கூடுதல் மதிப்பெண் கொடுத்ததை 2002-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறந்த ஊரை வைத்து அரசு வேலையில் சலுகை காட்ட முடியாது.

ஆனால் வேறு வழி திறந்திருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்யலாம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 அக்டோபர் 27-ல் தொடங்கியது இதே மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில்தான். அதில் தெருவுக்குத் தெரு படித்த பெண்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். அவர்களுக்கு ஊரும் பிள்ளைகளும் அத்துப்படி. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை ஒரு சம்பளம் ஆகாது. ஆனால் அவர்களில் ஆசிரியர் படிப்பு முடித்தவர்களுக்கு 'டெட்' தேர்வுக்கும் நியமனத் தேர்வுக்கும் இலவசப் பயிற்சி கொடுத்தால், ஜெயிப்பவர்கள் இந்தக் கரையை விட்டுப் போக அவசரப்பட மாட்டார்கள்.

வேறு என்ன செய்யலாம்?

* தங்க இடம்: ஒன்றியத்துக்கு ஒரு ஆசிரியர் குடியிருப்பு. குறிப்பாக தனியாக வரும் பெண்களுக்கு.
* கடலோரப் படி: மலைப்படி போல, காலியிடம் அதிகமுள்ள ஒன்றியங்களுக்கு தனித் தொகை.
* வழிகாட்டி: குறுவள மையத்துக்கு ஒரு மூத்த ஆசிரியர். வாரம் ஒருநாள் புது ஆசிரியரின் வகுப்புக்குப் போய் உதவுவது மட்டுமே அவர் வேலை, ஆய்வு செய்வது அல்ல.
* முதல் வருடச் சலுகை: பதிவேடு, கணக்கெடுப்பு வேலைகளில் இருந்து ஓராண்டு விலக்கு.
* தொடர்ச்சியான நியமனம்: 2024 ஜூலையில் 2,768 இடைநிலைப் பணியிடங்களுக்கான தேர்வு நடந்தது நீண்ட இடைவெளிக்குப் பிறகு. ஆண்டுதோறும் நியமனம் நடந்தால் தற்காலிக ஆசிரியர் தேவையே குறையும்.

'குறைந்தது இத்தனை வருடம் மாறுதல் கிடையாது' என்று கட்டாயப்படுத்துவது எளிது. ஆனால் வேண்டாவெறுப்பாக நிறுத்திவைத்த ஆசிரியரால் வகுப்பில் என்ன நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

யாருக்கு நஷ்டம்?

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு டீச்சர் மாறினால் டியூஷன் இருக்கிறது. உப்பளத் தொழிலாளி வீட்டில் அது இல்லை. மழைக்காலத்தில் பாத்தி மூழ்கி வருமானம் நிற்கும்போது, முதலில் படிப்பை நிறுத்தப் பார்ப்பது தடுமாறிப் படிக்கும் பிள்ளையைத்தான். அப்போது அந்த வீட்டு வாசலுக்குப் போய் 'அனுப்புங்கம்மா, நான் பாத்துக்கறேன்' என்று சொல்ல, அந்தக் குடும்பத்தைத் தெரிந்த டீச்சர் ஒருவர் வேண்டும். வந்து ஆறு மாதம் ஆனவரால் அது முடியாது.