உந்துணர்வுப் பண்பும் மூளையின் கட்டமைப்பும்: ஒரு விளக்கம்

முன்னுரை

பின்விளைவை எண்ணாது உடனே செயலில் இறங்கும் இயல்பை உந்துணர்வுப் பண்பு எனலாம். குற்றாலத்தில் அருவியை நோக்கி நடப்பவர், நீர்வரத்துப் பெருகியதைக் கண்டு காவலர் விசில் ஊதினால் எடுத்த காலைப் பின்வாங்க வேண்டும். ஒருவர் உடனே நிற்பார். மற்றொருவர் இரண்டடி சென்ற பின்னரே நிற்பார். இவ்வேறுபாட்டை மூளையின் கட்டமைப்பு எந்த அளவுக்கு விளக்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பண்பின் கூறுகள்

இப்பண்பு ஒருமைத் தன்மையுடையதன்று. 1995-இல் திருத்தியமைக்கப்பட்ட பாரட் அளவுகோல், 30 கூற்றுகளின் வழி அதனைக் கவனம் நிலைகொள்ளாமை, எண்ணாது இயங்குதல், திட்டமின்மை என மூன்றாகப் பகுக்கிறது. திருக்குறளும் அடக்கமுடைமையையும் (அதி. 13) தெரிந்துசெயல்வகையையும் (அதி. 47) தனித்தனியே வைத்திருப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

மூளைப் பகுதிகள்

தொடங்கிய செயலை நிறுத்துவதில் வலப்புற முன்மடலின் கீழ் மடிப்பும், விளைவை மதிப்பிடுவதில் கண்குழிக்கு மேலமைந்த புறணியும், பரிசின் ஈர்ப்பில் மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டமும் பங்கேற்கின்றன. முன்மடலின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ச்சியடைந்துகொண்டே இருக்கிறது. எனவே பதின்வயதினரின் அவசரம் குணக்கேடு அன்று. பெரும்பாலும் வளர்ச்சிப் படிநிலையே ஆகும்.

சான்றின் வலிமை

புறணியின் தடிப்புக்கும் அளவுகோல் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு கண்ட சிற்றாய்வுகள் பல. எனினும், ஸ்காட் மாரெக் குழுவினர் 2022-இல் நேச்சர் இதழில் ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து, மூளை அமைப்புக்கும் நடத்தைக்குமான தொடர்புகள் பொதுவாக மிகச் சிறியவை என்றும், அவற்றை நம்பகமாக அறிய ஆயிரக்கணக்கானோர் தேவை என்றும் காட்டினர். மேலும், தொடர்பு காரணமாகிவிடாது. போதைப்பழக்கத்துக்கு முன்பே மூளையில் வேறுபாடு இருந்ததா, பழக்கத்தால் விளைந்ததா என்பதை ஒருமுறை எடுத்த படத்தால் அறிய இயலாது. ஒருவரையே பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ், லண்டன் கிங்ஸ் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்களின் சி-வேதா ஆய்வு, 6 முதல் 23 வயது வரையிலான இந்தியரிடையே அடிமைப்பழக்க வாய்ப்பை இம்முறையில் ஆராய்வதால் முக்கியத்துவம் பெறுகிறது.

முடிவுரை

மூளைப் படம் பெருந்திரளின் சராசரிப் போக்கைக் கூறும். தனியொருவரின் குணத்தைக் கூறாது. ஆகவே ஒரு மாணவரை ‘அவசரக்காரர்’ என முத்திரையிட அதனைச் சான்றாக்குதல் பொருந்தாது. தமிழில் இத்துறையை எழுதுவோர் தொடர்பின் இருப்போடு அதன் அளவையும் சேர்த்தே உரைத்தல் கடமையாகும்.