பன்னிரண்டு பட்டங்களும் பதினெட்டுத் தோல்விகளும்

இங்கிலாந்தின் டட்லி நகரில் 1985இல் பிறந்த ரியான் எவன்ஸ், பெண்கள் உலக ஸ்னூக்கர் பட்டத்தை 12 முறை வென்றவர். 2005 முதல் 2014 வரை பத்து ஆண்டுகள் அந்தப் பட்டம் அவர் கையைவிட்டுப் போகவே இல்லை. 2006இல் எட்டு மாதக் கர்ப்பிணியாக ஆடியபோதும் வென்றார். அதே எவன்ஸ், 2010-11 பருவத்தில் சிறப்பு அனுமதியோடு தொழில்முறைச் சுற்றில் ஆண்களை எதிர்த்து ஆடிய 18 ஆட்டங்களிலும் தோற்றார். பெண்களால் ஆண்களுக்கு ஈடாக ஆட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது: பல ஆண்டுகளாகத் தகுந்த எதிராளி இல்லாமலே ஆட நேர்ந்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

உடல்வலிமைதான் காரணம் என்ற வாதத்தை முதலில் பார்ப்போம். மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். எட்டாத பந்தை அடிக்க ‘ரெஸ்ட்’ என்ற தாங்குகோல் இருக்கிறது. உயரமான ஆண்களும் அதை எடுக்கத்தான் செய்கிறார்கள். பந்தைக் குழியில் விழச் செய்வது பாதி வேலை. அடுத்த அடிக்கு வசதியான இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்துவது மீதிப் பாதி. இதற்குத் தேவை கண்ணும் கணக்கும் நடுங்காத கையும். தாய்லாந்தின் மிங்க் நுட்சருட் 2019இல் பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஒரே மூச்சில் 147 புள்ளிகளையும் எடுத்தார். ஒரு ஃபிரேமில், அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்றில், வழக்கமாக எடுக்கக்கூடிய உச்சம் அதுதான். பயிற்சி வேறு, போட்டி வேறு என்று சொல்லலாம். சரிதான், ஆனால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடிக்க நல்ல பந்து இல்லாதபோது வெள்ளையை எதிராளிக்குப் பயன்படாத மூலையில் ஒளித்து வைக்கும் தற்காப்பு ஆட்டம் இருக்கிறதே, அதைத் தனியே நின்று கற்க முடியாது. ஓர் அங்குலம் தவறினாலும் எழுந்து வந்து 80 புள்ளி எடுத்துவிடும் எதிராளி வாரந்தோறும் வேண்டும். தவறுக்குத் தண்டனை கிடைக்காத இடத்தில் தவறு பழக்கமாகிவிடும்.

எவன்ஸுக்கு அப்படிப்பட்டவர்கள் ஏன் இல்லை? இருந்தவர்கள் போய்விட்டார்கள். ஏழு முறை உலகப் பட்டம் வென்ற அலிசன் ஃபிஷர் 1990களின் நடுவில் அமெரிக்காவின் பூல் ஆட்டத்துக்கு மாறினார். அங்கே பெண்களுக்குப் பிழைப்பு இருந்தது. ஐந்து முறை வென்ற கெல்லி ஃபிஷரும் பின்னர் அதே வழியில் சென்றார். எவன்ஸ் தங்கிவிட்டார். காலியான அரங்கில் அவர் வென்றதால் அந்த வெற்றிகள் மலிந்துவிடவில்லை. வலுவான ஆண் எதிராளிகள் முன் நின்றபோது என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 2013 வுஷி கிளாசிக் தகுதிச் சுற்றில் தெப்சையா உன்-நூவை 5-4 என வென்று, தரவரிசைப் போட்டியொன்றின் பிரதான கட்டத்தை எட்டிய முதல் பெண்ணானார். 2015இல் முன்னாள் உலகச் சாம்பியன் கென் டோஹர்ட்டியிடம் 8-10 என்றுதான் தோற்றார். 2017இல் ராபின் ஹல்லை 10-8 என வீழ்த்தினார். 2019இல் ஷான் மர்ஃபியைக் கடைசி ஃபிரேம்வரை இழுத்துச் சென்றார். 18 ஆட்டங்களை மட்டும் எண்ணுகிறவர்கள் இவற்றை ஏன் எண்ணுவதில்லை?

ஆண்களுக்கு எதிராகப் பெண்கள் பெற்ற வெற்றிகள் இன்னும் குறைவுதான், மறுக்கவில்லை. பெண்கள் சுற்றிலிருந்து சிலருக்கு 2021 முதல் இரண்டாண்டுத் தொழில்முறை அனுமதி தருவதைச் சலுகை என்று குறை சொல்கிறார்கள். கண்டங்களின் சாம்பியன்களான ஆண்களுக்கும் அதே அனுமதி கிடைக்கிறதே, அதை யாரும் சலுகை என்பதில்லை. பெண்களுக்குத் தனிப் போட்டியே வேண்டாம் என்பதும் சரியாகாது. புதியவர்கள் வருவது அந்த வாசல் வழியாகத்தான். எவன்ஸின் பத்தாண்டு ஆதிக்கத்தை 2015 அரையிறுதியில் உடைத்தவர் ஹாங்காங்கின் இங் ஓன்-யீ. அந்த இங்கை 2025 நவம்பரில் தோஹாவில், சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பின் (ஐபிஎஸ்எஃப்) உலகப் போட்டி இறுதியில் 3-2 என வென்றவர் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன். மிங்க் 22 வயதில் உலகப் பட்டம் வென்று தொழில்முறைச் சுற்றுக்குள் நுழைந்தார். சீனாவின் பாய் யூலூ 20 வயதில். முதல் உலகப் பட்டத்தை 19 வயதில் வென்ற எவன்ஸுக்கு, இரண்டாண்டு அனுமதி கைக்கு வந்தபோது வயது 35.