பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? நாலு கணக்கும் போடுங்கள்!

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மனை விலையும் கம்பி, சிமெண்ட் விலையும் இருக்கிற இருப்பில், நம்மில் பலர் வீட்டில் புதுசாகக் கட்டுவது நடக்காத காரியம். அதனால் முப்பது, நாற்பது வருடப் பழைய வீட்டை வாங்கி, சரிபண்ணிக் குடிபோகலாம் என்று நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வீட்டு விலையை மட்டும் பார்த்து இறங்கினால் கடன் கழுத்தைப் பிடிக்கும். விலை, பத்திரச் செலவு, ரிப்பேர் செலவு, கரண்ட் பில் ஆகிய நாலையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

1. விலையும் பத்திரமும்

வீட்டின் விலை 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதாவது அதிகபட்சம் 10.80 லட்சம். பழைய வீடு என்றால் வங்கி இதைவிடக் குறைத்தும் தரலாம். மீதி 1.20 லட்சம் நம் கையிலிருந்து வரவேண்டும்.

அத்தோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்தால் 9 சதவீதம். 12 லட்சத்துக்கு 1.08 லட்சம். ஆக, கையில் 2.28 லட்சம் இல்லாமல் பத்திர ஆபீஸ் வாசலை மிதிக்கவே முடியாது.

சிலர் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். 12 லட்சம் வீட்டை 8 லட்சம் என்று எழுதினால் பத்திரச் செலவில் 36,000 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். ஆனால் வங்கி 8 லட்சத்துக்குத்தான் கணக்குப் போடும். கடன் 7.20 லட்சமாகச் சுருங்கும். வீட்டுக்காரருக்குக் கையிலிருந்து 4.80 லட்சம் கொடுக்க வேண்டிவரும். அது சட்டப்படி குற்றம் என்பது தனி.

10.80 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 9,717 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 23.32 லட்சம். அதையே 15 வருடம் என்றால் தவணை 10,954. மொத்தம் சுமார் 19.72 லட்சம். மாதம் 1,237 ரூபாய் கூடுதலாகக் கட்ட முடிந்தால் 3.60 லட்சம் மிச்சம்! மாறும் வட்டிக் கடனை இடையில் அடைத்தால் அபராதம் வசூலிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே சொல்லிவிட்டது. எனவே போனஸோ சீட்டுப் பணமோ வந்தால் தாராளமாகக் கட்டலாம்.

2. ரிப்பேர் பணம்

எங்க அப்பா கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர். நாங்கள் இன்னும் வாடகை வீட்டில். பத்திரத்தைப் படித்து அர்த்தம் சொல்லத் தெரிந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அப்பா வேலை பார்த்த பழைய வீடுகளில் பலமுறை கேட்ட பேச்சு இது: "பத்திரத்துக்கே எல்லாம் போச்சு மேஸ்திரி, ரிப்பேருக்கு வெளியே வாங்கியிருக்கோம்."

வெளியே என்றால் மூணு வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். 2.5 லட்சம் வாங்கினால் மாதம் 7,500 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும். இதே தொகையை வங்கியில் 9 சதவீதத்தில் 10 வருடத்துக்கு வாங்கினால் மாதம் 3,167 ரூபாய்தான். அசலும் சேர்ந்து தீர்ந்துவிடும். வீட்டைப் பழுதுபார்க்கவும் வங்கிகள் கடன் தருகின்றன. அதற்கு முறையான எஸ்டிமேட் வேண்டும். ஆகவே வாங்கும் கடனுக்கு மனு கொடுக்கும்போதே ரிப்பேர் எஸ்டிமேட்டையும் சேர்த்துக் கொடுத்துக் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்தால் இதை வையுங்கள்.

இன்னொன்று. நகர்ப்புறத்தில், இந்தியாவில் எங்குமே சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பங்களுக்கு, 2024-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-இல் வட்டி மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம் வரை உண்டு. பழைய வீடு வாங்கினாலும் பொருந்தும். வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

3. வீட்டை எப்படிப் பார்ப்பது?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். மேலே பாருங்கள். கான்கிரீட் தளத்தில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? மெட்ராஸ் டெரஸ் தளமானால், கட்டைகளின் சுவருக்குள் போகும் முனைகள் இற்றிருக்கின்றனவா? கரையான் உண்டா? சுவரில் சாய்வான விரிசல் அஸ்திவாரம் இறங்கியதற்கு அடையாளமாக இருக்கலாம். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஓதம் இருந்தால் அதன்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகும்.

வீட்டின் மீதி ஆயுளை வங்கியின் மதிப்பீட்டாளர் குறிப்பார். அது குறைவென்றால் தவணைக் காலமும் குறையும், மாதத் தவணை ஏறும். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது ஆகியவற்றைச் சரிபாருங்கள். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்பதையும் வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

4. வெயிலும் கரண்ட் பில்லும்

நம் ஊரில் வீடு அனலாவது பெரும்பாலும் கூரையால்தான். முதலில் ஒழுகலை அடையுங்கள். பிறகு தளத்தின்மேல் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் போட்டு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். கையில் காசு கம்மியென்றால் வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் வித்தியாசம் தெரியும். வருடா வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து ஃபேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட்ஸ் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 28 முதல் 35 வாட்ஸ்தான். 28 வாட்ஸ் ஃபேன் மூன்று, தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் மிச்சம் சுமார் 100 யூனிட்! யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற பில்லில் இது சின்ன விஷயமில்லை. 60 வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்.இ.டி. தரும். பழைய வயரிங்கில் எர்த் இல்லையென்றால் இதற்கெல்லாம் முன்னால் அதை மாற்றுங்கள். உயிர்தான் முதல் சிக்கனம்.

சோலார் கடைசியில். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஆனால் முழுப் பணத்துக்கும் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும். பொருத்தி முடித்த பிறகே மானியம் கணக்கில் ஏறும். பில் ஏற்கெனவே குறைவாக வருகிற வீட்டில் போட்ட முதல் திரும்ப நாளாகும். பலவீனமான தளத்தின்மேல் பேனல் ஏற்றுவதும் ஆபத்து.

நண்பர்களே, எஸ்டிமேட்டிங் பாடத்தை நாம் மார்க்குக்காகப் படிக்கிறோம். எங்கள் தெருவில் விலைக்கு வந்திருக்கும் ஒரு பழைய வீட்டை இப்போது நானும் அப்பாவும் அளந்துகொண்டிருக்கிறோம். அவர் தட்டிப் பார்த்துச் சொல்கிறார், நான் எழுதுகிறேன். வாங்குவோமா என்பதை அந்தத் தாளின் கடைசி வரி முடிவு செய்யும். "வேண்டாம்" என்று வந்தாலும் நஷ்டமில்லை. அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிவதைவிட, முன்னால் தெரிவது எவ்வளவோ மேல்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நாலு வரி எழுதுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் நம்ம வீட்டுக்கு உதவட்டும்!